128 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பது வெறும் 5 செல்!

வடசென்னை பட்டறைத் தொழிலாளர்களை ஏமாற்றும் "ஸ்டிக்கர்" வியாபாரம்

வாங்கும் முன்பு எடை போடுங்கள். படுக்கும் முன்பு பிளக்கைப் பிடுங்குங்கள்

சென்னை,–

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் இப்போது எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சுவரில் துளை போடும் மிஷின், நட்டு கழற்றும் மிஷின், இரும்பு அறுக்கும் மிஷின் எல்லாவற்றுக்கும் வயரே கிடையாது. அடியில் ஒரு செங்கல் போல பேட்டரி தொங்குகிறது. அதைக் கழற்றி சார்ஜ் போட்டு மறுபடி மாட்டினால் வேலை நடக்கிறது.

இந்த வசதி தொழிலாளிக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் செங்கலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். தெரியாமல் சார்ஜ் போடுகிறவர்கள் வீட்டையே இழக்க நேரிடலாம்.

இதோ அதன் முழு விவரம்:

"எட்துக்கினு போ அண்ணே!"

கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

"அண்ணே, இது 128 வோல்ட்டு. அந்தப் பெரிய கம்பெனிக்காரன் 18 வோல்ட்டுதான் தர்றான். விலை அதுல பாதிகூட இல்ல. எட்துக்கினு போ!"

"எத்தினி நேரம் ஓடும்பா?"

"நாள் பூரா ஓடும்ணே!"

பேட்டரியின் மேல் பெரிய எழுத்தில் 48, 88, 128 என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் "வி.எப்." என்று இரண்டு எழுத்து. வீட்டுக்குப் போய் ஏமாந்து திரும்பி வந்து கேட்டால், "அது வோல்ட் இல்லண்ணே, மாடல் பேரு" என்று பதில் வரும்.

உண்மை என்ன? அந்த "128" பேட்டரியைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 5 செல்தான். கூட இருந்தால் 10 செல்.

விரல் விட்டு எண்ணும் கணக்கு

இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பையனும் போடலாம்.

லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். 5 செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறிய நிமிடத்தில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும். அப்போது 5 செல்லும் சேர்ந்து 21 வோல்ட்.

எனவே ஒரு கம்பெனி 18 என்று போடுகிறது. இன்னொரு கம்பெனி "அதிகபட்சம் 20" என்று போடுகிறது. மலிவுச் சரக்கு 21 என்று போடுகிறது. மூன்றும் ஒரே 5 செல்தான். இதில் 21 பெரிது, 18 சிறிது என்று நினைப்பவர் ஏமாளி.

நிஜமாகவே 128 வோல்ட் வேண்டும் என்றால் 36 செல் வேண்டும். ஒரு செல்லின் எடை சுமார் 45 கிராம். 36 செல் என்றால் ஒன்றரை கிலோவுக்கு மேல். ஒரு கையில் பிடிக்கும் டிரில்லிங் மிஷினில் அதை மாட்டினால் கை என்னாகும்?

வோல்ட்டைவிட முக்கியமானது "ஆம்பியர் அவர்". பானையில் எவ்வளவு தண்ணீர் என்பது போல, பேட்டரியில் எவ்வளவு சரக்கு என்று அது சொல்லும். 18 வோல்ட்டை 2 ஆம்பியர் அவரால் பெருக்கினால் 36 வாட் அவர். 5 ஆம்பியர் அவர் என்றால் 90 வாட் அவர். இந்தக் கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நல்ல கம்பெனிகள் இதை பேட்டரியின் அடியிலேயே அச்சிட்டிருக்கும்.

தராசு பொய் சொல்லாது!

பேட்டரிக்குள் இருக்கும் செல்லுக்கு "18650" என்று பெயர். 18 மில்லி மீட்டர் குறுக்களவு, 65 மில்லி மீட்டர் நீளம். அதனால்தான் அந்தப் பெயர். சில புதிய பேட்டரிகளில் இதைவிடக் கொஞ்சம் பருமனான "21700" செல் வருகிறது.

18650 செல் ஒன்றில் இன்றைய தேதியில் அடைக்கக் கூடியது அதிகபட்சம் மூன்றரை ஆம்பியர் அவர் அளவுதான். உலகத்தில் பேர் பெற்ற கம்பெனிகளே அதற்கு மேல் பெரிதாகத் தாண்டவில்லை. ஆனால் கடைத்தெருவில் "9900 மில்லி ஆம்பியர் அவர்" என்று எழுதிய செல் விற்கிறது. அதாவது 9.9 ஆம்பியர் அவர்! பார்த்த உடனே போலி என்று சொல்லிவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்க என்ஜினீயர் வேண்டாம். மளிகைக் கடை தராசு போதும். அசல் 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும். போலி பல சமயம் 30 கிராம்தான் வரும். உள்ளே பாதி காலி என்று அர்த்தம்.

முழு பேட்டரிக்கும் இதே சோதனைதான். 5 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் வழக்கமாக உள்ளே இரண்டரை ஆம்பியர் அவர் கொண்ட 10 செல் இருக்கும். செல் மட்டுமே அரை கிலோ அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் கூடு, சர்க்யூட் போர்டு எடை வேறு. "5 ஆம்பியர்" என்று சொல்லி 350 கிராம் பேட்டரியைக் கையில் கொடுத்தால், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

பூனை மார்க் பேட்டரி பிறந்த ஊர்

பேட்டரி என்பது வடசென்னைக்குப் புதிதல்ல. பூனைப் படம் போட்ட எவரெடி பேட்டரித் தொழிற்சாலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. டார்ச் லைட்டுக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் இங்கிருந்து பேட்டரி போனது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அந்த பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். மறுபடி சார்ஜ் ஏறாது.

சார்ஜ் ஏற்றும் நிக்கல்–காட்மியம் பேட்டரியை சுவீடன் நாட்டு வால்டெமார் யுங்னர் 1899–லேயே கண்டுபிடித்தார். 1961–ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி அந்த பேட்டரியை வைத்து வயர் இல்லாத டிரில்லிங் மிஷினை வெளியிட்டது.

1991–ல் ஜப்பானின் சோனி கம்பெனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2005–ம் ஆண்டு வாக்கில் அது பட்டறை மிஷின்களுக்கு வந்தது. இந்த பேட்டரிக்கு வழி காட்டிய குட்இனப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய 3 விஞ்ஞானிகளுக்கு 2019–ல் நோபல் பரிசு கிடைத்தது.

காட்மியம் விஷ உலோகம். ஐரோப்பிய நாடுகளில் கைமிஷின்களுக்கு நிக்கல்–காட்மியம் பேட்டரி விற்பது 2017 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று மட்டும் இன்னும் பட்டறைகளில் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

"முழுக்க இறக்கு" என்பது தப்பு!

"பேட்டரியை முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும், இல்லன்னா கெட்டுடும்" என்று பழைய மேஸ்திரிகள் சொல்வார்கள். நிக்கல்–காட்மியம் காலத்தில் அது சரி. லித்தியத்துக்கு அது விஷம்.

லித்தியம் செல்லை அளவுக்கு மீறி இறக்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு அதில் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. மிஷின் இழுவை குறைந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். "இன்னும் ரெண்டு ஸ்க்ரூதானே" என்று நிறுத்தி நிறுத்தி அழுத்துவது பேட்டரியைக் கொல்லும்.

அப்படிச் செத்துப்போன பேட்டரியை சார்ஜர் ஏற்றுக் கொள்ளாமல் சிவப்பு விளக்கு காட்டும். உடனே சிலர் இன்னொரு நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு வயர் கொடுத்து "தட்டி எழுப்புகிறார்கள்." சார்ஜர் மறுப்பதே நம்மைக் காப்பாற்றத்தான். அதை ஏமாற்றுவது, ரெயில்வே கேட் மூடியிருக்கும்போது குனிந்து நுழைவது போலத்தான்.

ஐந்து பேர் இழுக்கும் வலை

செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு செல் சோர்ந்தாலும் முழு பேட்டரியும் படுத்துவிடும். 5 பேர் சேர்ந்து கரைவலை இழுக்கிறார்கள். ஒருவருக்குக் கை தளர்ந்தால் வலை நின்றுவிடும் அல்லவா? அது போலத்தான்.

பழைய பேட்டரிக்குப் புது செல் போட்டுத் தரும் ஆட்கள் உண்டு. செலவு குறையும் என்று தொழிலாளி கொடுக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது 3 விஷயம்:

செத்த ஒரு செல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்ற 4 பழைய செல்லை அப்படியே வைக்கக் கூடாது. புதுசும் பழசும் ஒத்துப் போகாது.

பழைய லேப்டாப்பில் இருந்து எடுத்த செல்லைப் போடக் கூடாது. லேப்டாப் மெதுவாகக் கரண்ட் இழுக்கும். கட்டிங் மிஷின் வெறி கொண்டு இழுக்கும். அந்த செல் சூடேறி வெந்துவிடும்.

செல் மீது நேராக ஈயப்பற்று வைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருப்பதைக் கெடுக்கும். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

இந்த மூன்றும் தெரியாத கையில் கொடுப்பதைவிட, பழசைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவது லாபம்.

எந்த வேலைக்கு எந்த பேட்டரி?

காலடிப்பேட்டையில் குடியிருக்கும் ஒரு பிட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். வேலை செய்தால்தான் கூலி. சாரத்தின் மேல் ஏறி கிளாம்ப் அடிப்பவர். அங்கே வயர் இழுக்க முடியாது. அவருக்கு 18 வோல்ட்டில் 2 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு போதும். ஒன்று மிஷினில், ஒன்று சார்ஜரில். எடை குறைவு, தோளுக்கும் சுகம். பெரிய பேட்டரி ஒன்றே ஒன்று வைத்திருப்பவரைவிட, சின்ன பேட்டரி இரண்டு வைத்திருப்பவருக்கு வேலை நிற்காது.

கட்டிங் மிஷின் கதை வேறு. இரும்பு அறுக்கும்போது அது 600 வாட் இழுப்பதாக வைத்துக் கொள்வோம். 90 வாட் அவர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? வெறும் 9 நிமிடம்! நாள் முழுவதும் இரும்பு அறுக்கும் பட்டறையில் வயர் உள்ள மிஷினைத் தூக்கிப் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். கரண்ட் எட்டாத இடத்தில் நாலு வெட்டு வெட்டத்தான் பேட்டரி மிஷின்.

ஈரமான படகுத் தளத்தில் வேலை செய்பவர்களுக்கு பேட்டரி மிஷின் உயிர்க்காவல் என்றே சொல்லலாம். அங்கே 230 வோல்ட் வயர் தோல் உரிந்து கிடந்தால் ஆளை அடித்துவிடும். 18 வோல்ட் அப்படி அடிக்காது. ஆனால் ஒன்று. பைபர் படகுக்கு ரெசின் பூசி, தின்னர் வாசம் அடிக்கும் அறைக்குள் பேட்டரி மிஷினையும் இயக்கக் கூடாது. மிஷினின் பொறி ஒன்று போதும், ஆவி பற்றிக் கொள்ள.

இன்னொரு முக்கிய விஷயம்: ஒரு கம்பெனி பேட்டரி மற்ற கம்பெனி மிஷினில் பொருந்தாது. பாஷ், மக்கிட்டா, டிவால்ட் எல்லாம் தனித்தனி அச்சு. எனவே முதல் மிஷின் வாங்கும்போதே, "பின்னால் வாங்கப் போகும் மற்ற மிஷின்களும் இந்தக் கம்பெனியில் கிடைக்குமா? பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டுக் கொள்ள வேண்டும். பிறகு பேட்டரி இல்லாத வெறும் மிஷினாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். பேட்டரி கிடைக்காத மிஷின் காயலான் கடைக்குத்தான் போகும்.

வெயிலும் உப்புக் காற்றும்

பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. ஜப்பான் கம்பெனி ஒன்றின் குறிப்பேடு, 10 டிகிரி முதல் 40 டிகிரி வரையில்தான் சார்ஜ் போடச் சொல்கிறது. 50 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் வைக்கவே கூடாது என்கிறது. மே மாதம் சென்னையில் வெளியிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. தகரக் கொட்டகைக்குள்ளும், வெயிலில் நிற்கும் ஆட்டோவுக்குள்ளும் எவ்வளவு இருக்கும்?

வேலை முடிந்து கை சுடும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகக் கூடாது. நிழலில் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். நல்ல சார்ஜர் பேட்டரியின் சூட்டை அளந்து, ஆறும் வரை தானே காத்திருக்கும். மலிவு சார்ஜருக்கு அந்த மூளை கிடையாது.

கடலோரத்தில் இரண்டாவது எதிரி உப்பு. பேட்டரியின் பித்தளை முனைகளில் பச்சை பூக்கும். வாரம் ஒரு முறை காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஆணி, போல்ட், ஸ்பேனர் கிடக்கும் பைக்குள் பேட்டரியை மூடி இல்லாமல் போடக் கூடாது. ஒரு ஆணி இரண்டு முனையையும் தொட்டால் போதும், பை பற்றிக் கொள்ளும்.

கடல் தண்ணீரில் விழுந்த பேட்டரியை எடுத்துக் காய வைத்து சார்ஜ் போடவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர், திருவொற்றியூர் வீடுகளுக்குள் எண்ணெயோடு சேர்ந்து புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி வெள்ளத்தில் மூழ்கும் பேட்டரி வெளியில் காய்ந்தது போல இருக்கும். உள்ளே அரித்துக் கொண்டிருக்கும். பல மணி நேரம் கழித்துக் கூட தீப்பிடிக்கலாம்.

நள்ளிரவில் நடந்த விபரீதம்

2022 மார்ச் மாதம் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் நடந்த சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டருக்கு இரவில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார்கள். ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகை வீட்டை நிறைத்தது. தந்தையும் பள்ளிக்கூடம் படிக்கும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் மாதவரம் பக்கம் மஞ்சம்பாக்கத்தில் சாலையோரம் ஒரு மின்சார ஸ்கூட்டர் கொழுந்து விட்டு எரிந்தது.

பட்டறை மிஷினின் பேட்டரி ஸ்கூட்டர் பேட்டரியைவிடப் பல மடங்கு சின்னது. ஆனால் இரண்டும் ஒரே ஜாதி. ஒரு செல் கொதித்தால் அடுத்த செல்லைக் கொதிக்க வைக்கும். நெருப்புக்கு முன்னால் விஷப்புகை வரும்.

ஒற்றை அறை வீடுகளில் கதவு ஓரத்தில்தான் பிளக் பாயிண்ட் இருக்கும். பேட்டரி அங்கே சார்ஜ் ஏறும். பக்கத்திலேயே பாய் விரித்துக் குழந்தைகள் படுத்திருக்கும். தீப்பிடித்தால் வெளியே போகும் வழியும் அதுதான்!

எனவே, விழித்திருக்கும்போதே சார்ஜ் போட்டு முடிக்க வேண்டும். பாய், துணி, காஸ் சிலிண்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. சிமெண்டுத் தரை நல்லது. படுக்கப் போகும் முன்பு பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உப்பிய, உடைந்த, வாடை வருகிற பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வைக்கக் கூடாது.

மீறித் தீப்பிடித்தால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். பிளக்கில் இருந்தால் மெயினை அணையுங்கள். பிறகு எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அணைந்தது போல இருந்து மறுபடி பற்றும். அதனால் ஒரு குடம் போதாது. தீயணைப்புப் படைக்கு 101 அல்லது 112.

குப்பையில் போடாதீர்கள்!

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கும். நசுங்கினால் பற்றும். கொடுங்கையூர் குப்பை மேடு எரிந்து புகை கக்குவதை வடசென்னை எத்தனையோ முறை பார்த்துவிட்டது. அதற்கு இன்னும் கொள்ளி தேவையில்லை.

2022–ல் மத்திய அரசு கொண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டியது தயாரிக்கும் கம்பெனியின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம்.

பில் கேளுங்கள்!

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால்: வோல்ட்டும் ஆம்பியர் அவரும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ். 16046 முத்திரையும், "ஆர்" எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் நிஜமா, பொய்யா என்று "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் கடை வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். அதோடு எடை.

முக்கியமாக பில். "பில்லு போட்டா வெல ஏறும்ணே" என்று கடைக்காரர் சொல்வார். ஏறட்டும். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டியும் இல்லை, வழக்கும் இல்லை. பில் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பாதி விலைக்கு வாங்கிய "128 வோல்ட்" பேட்டரி மூன்று மாதத்தில் செத்து, இன்னொன்று வாங்கி, அதுவும் செத்தால், இரண்டுக்கும் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல பேட்டரி வந்திருக்கும். நடுவில் வேலை நின்ற நாட்களின் கூலியை எந்தக் கடைக்காரரும் திருப்பித் தர மாட்டார்.